‘லேடி டிரிவன்’: தேரும் உப்பு வண்டியும்

“சிங்கிள் ஓனர். லேடி டிரிவன். கீறல் இல்லை. புதுசு மாதிரி.” பழைய கார் விற்கும் விளம்பரங்களின் மொழி ஏறக்குறைய இவ்வளவுதான். கடந்த நான்கு மாதங்களில் இத்தகைய விளம்பரங்கள் சில நூறு வாசித்திருப்பேன். ஐந்தரை லட்சத்துக்குள், ஓட்டுவதற்குச் சுகமான, கொஞ்சம் துடிப்பான பழைய கார் ஒன்று வாங்க வேண்டும். கல்லூரிக்குப் போய்வர ஸ்கூட்டர் இருக்கிறது. இது ஞாயிறு விடிகாலையில் மலைப்பாதையில் ஓட்டுவதற்கு. தமிழ் படித்தவளுக்கு எதை வாசித்தாலும் கண் முதலில் சொல்லில்தான் நிற்கும். எஞ்சின் திறனையும் விலையையும் பார்க்கவேண்டிய இடத்தில் நான் ‘லேடி டிரிவன்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

பெண் ஓட்டிய வண்டி என்றால் இங்கே என்ன பொருள்? அதிகம் ஓடாத வண்டி. சிக்னலில் முன்னால் நிற்கும் கார் ஒரு நொடி தாமதித்தால் ‘லேடி டிரைவரா இருக்கும்’ என்று சலித்துக்கொள்ளும் அதே வாய், சந்தையில் அதையே நற்சான்றாகச் சொல்கிறது. சாலையில் குறை, சந்தையில் நிறை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: பெண் ஓட்டுவது ஓட்டுவதாகாது. ஒரு புரோக்கர் என்னிடம் சொன்னார்: “ஒரு டீச்சரம்மா வச்சிருந்த வண்டிங்க மேடம். ஸ்கூலுக்கும் வீட்டுக்கும்தான். நாப்பதுக்கு மேல மிதிச்சதே இல்லைங்க.” அப்படியானால் எனக்கு வேண்டாம் என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை.

சொற்களை இன்னும் கொஞ்சம் கிளறினால் வேறொன்று வரும். ஒரே கை. கை மாறாதது. கைபடாதது. செகண்ட் ஹேண்ட். இவற்றை எங்கே கேட்டிருக்கிறோம்? மறுமணம் செய்துகொண்ட பெண்ணை ‘செகண்ட் ஹேண்ட்’ என்று சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை நம் திரையிலும் திண்ணையிலும் புதிதல்ல. கார்ச் சந்தை கல்யாணச் சந்தையிடமிருந்து சொல்லைக் கடன் வாங்கியதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று சொல்வது கடினம். இரண்டு சந்தையிலும் ஆட்கள் அவர்களே என்பதால் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. உதிரிச் சக்கரத்துக்கு நாம் சொல்லும் ‘ஸ்டெப்னி’ ஒருவனுடைய இரண்டாவது பெண்ணுக்கான வசைச்சொல்லாகவும் இருக்கிறது என்பதை மாணவிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைக் கற்பிலிருந்து தொடங்கும் பெரியார், அந்தச் சொல்லை ஆணுக்கும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார். அந்தச் சோதனையை இங்கேயும் செய்து பார்க்கலாம். ‘ஜென்ட்ஸ் டிரிவன்’ என்று எந்த விளம்பரத்திலாவது கண்டதுண்டா?

கற்பு உவமை எஞ்சினுக்குப் பொருந்துவதும் இல்லை. எட்டு ஆண்டில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றால் அது பெரும்பாலும் நின்றிருக்கிறது. நிற்கும் காரில் பாட்டரி சாகும். டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். தினம் இரண்டு கிலோமீட்டர் போய்வரும் எஞ்சின் சரியாகச் சூடேறுவதே இல்லை. அதன் ஈரம் எண்ணெயிலேயே தங்கும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய டர்போ எஞ்சின்களில் உள்வரும் வால்வுகளில் கரி படியும். எனக்காக வண்டி பார்க்க வரும் மெக்கானிக் அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: “நிக்கற வண்டிதானுங்க கெட்டுப்போகும்.”

என் பாடத்துக்கு வருகிறேன். சங்க இலக்கியத்தில் வேகம் யாருடையது?

முல்லைத் திணையை எடுத்துக்கொள்வோம். வினை முடித்துத் திரும்பும் தலைவன் தேரில் இருக்கிறான். பாகனிடம் விரைந்து செலுத்தச் சொல்கிறான். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் இதற்கென்றே ‘தேர்வியங்கொண்ட பத்து’ என்று ஒரு பத்து இருக்கிறது. தேரைச் செலுத்து என்று ஏவுவதுதான் அதன் பொருள். அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனாரின் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். பூவில் தாதுண்ணும் வண்டுகள் ஒலி கேட்டுக் கலங்கிவிடக்கூடாதாம். எத்தனை முறை பாடம் நடத்தினாலும் அலுக்காத இடம் அது. நெய்தலிலோ தேர்ச்சக்கரம் அடும்புக்கொடியை அறுத்துக்கொண்டு மணலில் ஓடும், அதன் மணியொலியால் ஊரில் அலர் எழும். தேர் இப்படி ஐந்திணையிலும் ஓடுகிறது. அழகாக ஓடுகிறது. அதில் பெண் எங்கே இருக்கிறாள்? வீட்டில், மணியொலிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு. உடன்போக்கில் நடக்கிறாள், பாலை வழி அவள் காலுக்கு. தேரின் வேகம் அவளை நோக்கி வருகிறது, அல்லது அவளை விட்டுப் போகிறது. அது அவளுடையதாக இருப்பதில்லை.

ஆனால் சங்கப் பாட்டில் வண்டி ஓட்டும் பெண் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணர்களின் உப்பு வண்டி வரிசையை விரிவாக வரைகிறார். சக்கரம், அச்சு, நுகம், கூரை என்று பாகம் பாகமாகப் போகும் அந்த வருணனை ஒரு பட்டறைக்காரனின் கண்ணோடு எழுதப்பட்டது. வண்டியின் முகப்பில் காடிக் கலம் இருக்கிறது. அங்கே கைப்பிள்ளையோடு ஒரு பெண், எருதுகளைப் பின்னிருந்து ஓட்டுகிறாள். வகுப்பில் இந்த வரியை நாங்கள் வணிக வரலாற்றுக்காகப் படித்துவிட்டுக் கடந்துபோவோம். நான் பல ஆண்டு அப்படித்தான் நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உமணர், பண்டமாற்று, நெடுவழி என்று. ஓட்டுபவள் பெண் என்பது குறிப்பேட்டில் ஏறாது.

தேர் அவனுக்கு, உப்பு வண்டி அவளுக்கு. பிழைப்புக்காக, பிள்ளையோடு, சுமையோடு என்றால் பெண் ஓட்டலாம். அதைப் புலவர் இயல்பாகவே சொல்லிவிடுகிறார், வியப்புக்குறி இல்லாமல். வேண்டும் என்பதற்காக ஓட்டுவது அகத்திணைத் தலைவனின் உரிமை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தப் பிரிவினையை நான் கார் வாங்கப் போன இடத்தில் மாற்றமில்லாமல் பார்த்தேன் என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். புறநானூறு 102ஆம் பாட்டு அவ்வையாருடையது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் சேம அச்சைப் போன்றவன் நீ என்கிறார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காத ஒருவருக்கு இந்த உவமை வராது. உதிரி அச்சு ஒரு பெண் கவியின் வாயில் தலைவனுக்குப் புகழ்மொழியாக இருந்தது. நம் காலத்து ஆண்வாயில் உதிரிச் சக்கரம் பெண்ணுக்கு வசையாகிவிட்டது. சொற்பொருள் மாற்றம் பற்றி மொழியியல் தாளுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவியர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது; ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். 2018இல் தமிழக அரசு வேலைக்குச் செல்லும் பெண்கள் இருசக்கர வாகனம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். என் மாணவிகளின் அம்மாக்கள் பலர் அந்த வண்டியில்தான் மில்லுக்குப் போகிறார்கள். இருந்தாலும் ‘வேலைக்குச் செல்லும்’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். சக்கரம் கிடைக்கிறது, காரணம் காட்டினால். பெண்களுக்கென்றே வந்த ஒரு 100 சிசி ஸ்கூட்டருக்கு ‘ப்ளெஷர்’ என்றே பெயர் வைத்தார்கள். எல்லா இன்பமும் பையன்களுக்கு மட்டும்தானா என்று அதன் விளம்பரம் கேட்டது. கேள்வி சரிதான். பதிலின் அளவை மட்டும் 100 சிசியில் நிறுத்திக்கொண்டார்கள்.

வரலாறும் பெண்ணின் வேகத்துக்குக் காரணம் தேடிக்கொண்டேதான் இருக்கிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீட்டர் மோட்டார் வண்டியை ஓட்டிப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். சரி, ஏன் போனார்? அம்மாவைப் பார்க்க என்று ஒரு விளக்கம், கணவரின் கண்டுபிடிப்பை ஊரறியச் செய்ய என்று இன்னொன்று. மகளாகவோ மனைவியாகவோதான் அவரைச் சாலையில் விடுகிறார்கள். ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்திருக்கலாம் என்று எழுத அவ்வளவாக யாருக்கும் தோன்றுவதில்லை. 1909இல் ‘பெண்ணும் காரும்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதிய ஆங்கிலேயப் பந்தய ஓட்டுநர் டோரதி லெவிட், பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் வருவதைப் பார்க்க உதவும் என்று யோசனை சொன்னார். ரியர்வியூ கண்ணாடி பரவலாவதற்கு முந்தைய காலம் அது.

இன்பத்துக்காகவே செய்யப்பட்ட கார் ஒன்றின் கதையையும் பார்த்துவிடலாம். மஸ்தா எம்எக்ஸ்-5, மியாட்டா என்றும் சொல்வார்கள். 1989இல் சிகாகோ கண்காட்சியில் வெளியானது. இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. குதிரையும் குதிரை வீரனும் ஓருடல் ஆவது என்ற பொருளில் வரும் ‘ஜின்பா இத்தை’ என்ற ஜப்பானியத் தொடரை அதன் வடிவமைப்பாளர்கள் குறிக்கோளாக வைத்திருந்தார்கள். 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. பழையதாக வாங்கி வார இறுதியில் ஓட்ட, சாதாரணச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் ஸ்போர்ட்ஸ் கார் என்று மேற்கில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். இப்படிப்பட்ட காருக்கு பிரிட்டனில் ஒட்டிய கேலிப்பெயர் ‘ஹேர்டிரெஸ்ஸர் கார்’. பெண்களும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் ஓட்டுவது, ஆகவே மெய்யான ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது என்று பொருள். சொந்தக் கையால் சம்பாதித்து இரண்டு இருக்கைக் கார் வாங்கிய உழைப்பாளிப் பெண் அங்கே வசையாகிறாள். முடிதிருத்தும் தொழிலைச் சாதியாக்கி இழிவு பேசிய சமூகத்திலிருந்து வரும் நமக்கு இந்தக் கேலியில் கூடுதலாக ஒன்றும் கேட்கும்.

நம் ஊரில் அந்தக் கார் விற்பனைக்கு வந்ததில்லை. கோவாவில் செய்யப்பட்ட சான் ஸ்டார்ம் என்ற குட்டி இரட்டை இருக்கைக் கார் ஒரு காலத்தில் வந்தது, ரெனால்ட்டின் 1.2 லிட்டர் எஞ்சின். இன்று அதற்கு உதிரிபாகம் தேடுவது ஏட்டுச்சுவடி தேடுவதற்குச் சமம். 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ 2015இல் வந்து, ஃபியட் நாட்டைவிட்டுப் போனதோடு போயிற்று. என் பணத்துக்கு எட்டுவது போலோ ஜிடி டிஎஸ்ஐ: 2013இல் அறிமுகமானது, 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்று சிரிக்கும் ஆண்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் அவர்களிடம் டீசல் எஸ்யூவி இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது போதும்.

நான் எதிர்பார்த்திராதது இனிதான் வந்தது. பணத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை. சம்பளம் என்னுடையது, அதை நகையாக்கினாலும் சீட்டில் போட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அம்மா கேட்டது: “எதுக்குக் கண்ணு? தனியா எங்க போறே?” அண்ணன் கேட்டது: “ஏம்மா, அதே காசுக்கு ஏழு சீட்டு வண்டி பாக்கலாமே, எல்லாரும் போலாமில்ல?” இரண்டு கேள்வியும் அன்பானவை. இரண்டும் ஒரே கேள்வி. காலி இருக்கை ஒன்றை ஒரு பெண் தன் காரில் வைத்திருக்க முடியாது, அதில் ஒரு மாமியாரோ மளிகைப் பையோ இருக்க வேண்டும்.

வார இறுதி என்ற சொல்லே சோதனைக்குரியது. விடைத்தாள் கட்டு, மாவரைத்தல், வாரம் முழுவதற்குமான துணி, உறவுக்காரர் கல்யாணம், இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் வார இறுதி. ஞாயிறு காலை ஐந்து முதல் ஒன்பது வரை நான் இல்லை என்று அறிவித்ததுதான் வீட்டில் பெரிய செய்தி. காரைவிட அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் விலை அதிகம். தோசைக்கல் முன்னால் யார் நிற்பது என்பது இரண்டு வாரம் பேசித் தீர்ந்தது. என் கணவர் நிற்கிறார். முதல் தோசை ஒட்டுகிறது.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேம், இது நிரந்தரச் சம்பளம் வாங்கறவங்க கவலை இல்லையா? கெஸ்ட் லெக்சரருக்கு எங்க கார்?” நியாயமான கேள்வி, அவள் அக்கா ஒரு கௌரவ விரிவுரையாளர். நான் சொன்னது இது. கார் வசதியுள்ளவளுக்குத்தான். ஆனால் காரணம் கேட்பது எல்லோரிடமும் நடக்கிறது. மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும் பெண் ஸ்கூட்டரில் நேராக வீட்டுக்கு வராமல் பேரூர் படித்துறையைச் சுற்றிக்கொண்டு வந்தால் கால்மணி நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். பெட்ரோலுக்கு அல்ல. அவள் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆகவேண்டியதும் இல்லை.

விளம்பர மொழியை விட்டு வண்டியை எப்படி வாசிப்பது? சுவடிப் பதிப்பில் ஒரு பழக்கம் உண்டு. பல கை மாறிய ஏட்டை நாங்கள் வெறுப்பதில்லை. எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், எங்கே செல்லரித்தது, எந்த இடத்தில் பிற்காலக் கை புகுந்தது என்று பார்ப்போம். பழைய காரும் அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. நான்கு டயரிலும் நான்கு தேதி என்றால் ஒரு கதை இருக்கிறது. கதவு ஓரத்து ரப்பரை விலக்கினால் மறுபூச்சு தெரியும். வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். டிஎஸ்ஜி பெட்டி மெதுவாக நகரும்போது உதறினால் விட்டுவிடுங்கள், அதன் பழுது லட்சத்தைத் தொடக்கூடும். சர்வீஸ் பதிவையும் காப்பீட்டு உரிமைகோரல் பதிவையும் கேளுங்கள். முந்தைய ஓட்டுநர் ஆணா பெண்ணா என்பது இதில் எதற்கும் விடை தராது.

கடைசியில் நான் முன்பணம் கொடுத்த வண்டி ஈரோட்டில் ஒரு செவிலியருடையது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறார். 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டாவது உரிமையாளர். அவர் விளம்பரத்தில் ‘லேடி டிரிவன்’ இல்லை. ‘ஏற்காடு, கொல்லிமலை அடிக்கடி போயிருக்கிறது, முன் பிரேக் பேட் சென்ற மாதம் மாற்றியது’ என்று இருந்தது. புரோக்கர்களின் கணக்கில் இது விலை குறைக்கும் வாக்கியம், அவர்கள் கணக்கின்படியே நானும் இருபதாயிரம் குறைத்துக் கேட்டேன். பன்னிரண்டுக்கு ஒப்புக்கொண்டார். சாவியோடு ஒரு கோடு போட்ட நோட்டும் தந்தார்: தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், போன இடம். பெரும்பாலான வரிகளில் போன இடம் மட்டும் இருக்கிறது, போன காரணம் இல்லை.

பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 மேசையில் கிடக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் மகன் / மனைவி / மகள் என்று கேட்கிறது. அவர் தன் பகுதியில் அம்மா பெயரை எழுதியிருக்கிறார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஏற்பார்களா என்று திங்கட்கிழமை தெரியும். என் பகுதியிலும் அம்மா பெயரையே எழுதியிருக்கிறேன்.